வாய் திறக்காமல் வைத்த மருந்து

1957 நவம்பர் 6

மழை விட்டபாடில்லை. விழுப்புரம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்து முடித்து நனைந்துகொண்டே வந்தால், கொல்லையில் கோழிக் கூண்டருகே தங்கை தையல்நாயகி குனிந்து நிற்கிறாள். கூண்டுக்கு அடியிலேயே எலி வளை தோண்டியிருக்கிறது. தீனிக்கு வைத்த கேப்பை மூட்டையிலும் ஓட்டை. இந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் குறையில்லாமல் வாழ்கிறவர்கள் எலிகள் மட்டும்தான்.

தையல் இங்கே வந்து நாலு மாதம் ஆகிறது. இதுவரை பேசியதை எல்லாம் அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். திருவெண்ணெய்நல்லூரில் அவள் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. கடைசியாகப் பால் புகட்டியவள் அவள். "உன் கை பட்டது எதுவும் தங்காது" என்று மாமியார் ஊரைக் கூட்டிச் சொன்னபோது, புருஷன் சின்னதுரை பக்கத்தில் மரம் மாதிரி நின்றானாம். வளர்த்த கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். அந்தக் கோழியைத் தவிர யாருக்கும் அவள் கையால் எதுவும் கொடுப்பதில்லை. என் மனைவி கோவிந்தம்மாள் பரிமாறச் சொன்னால், கரண்டியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள்.

நவம்பர் 19

கோழியை அடை வைத்தாள். கூடையில் மணல், வைக்கோல். இடி முழக்கத்தில் முட்டை கெடாமல் இருக்க இரும்புத் துண்டு, கரி, காய்ந்த மிளகாய். எல்லாம் அவள்தான் செய்தாள். முட்டையை எடுத்து வைக்க மட்டும் கோவிந்தத்தைக் கூப்பிட்டாள். "நீ வையி அண்ணி."

நவம்பர் 27

"விக்கிரவாண்டியில் சின்னதுரையைப் பார்த்தேன், உன்னைத்தான் விசாரித்தான்" என்று தையலிடம் சொன்னேன். நான் பார்க்கவும் இல்லை, அவன் விசாரிக்கவும் இல்லை. அவள் என் முகத்தையே பார்த்துவிட்டு, "உனக்குப் பொய் சொல்ல வரலண்ணா" என்றாள். வெட்கமாகப் போய்விட்டது.

டிசம்பர் 10

பொரித்துவிட்டது! ஒரு கூமுட்டைகூட இல்லை.

டிசம்பர் 14

ஒரு குஞ்சை எலி கடித்துப் போட்டுவிட்டது. தையல் மறுபடியும் சுவர் மூலையில் போய் உட்கார்ந்துவிடுவாளோ என்று பயந்தேன். நடந்தது வேறு. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாளி வாளியாக வளைக்குள் தண்ணீர் ஊற்றினாள். வெளியே வந்ததைத் துடைப்பக்கட்டையால் ஒரே போடு.

"என் குஞ்சு மேல வாய வெக்கிறியா? இன்னும் எத்தினி பேரு இருக்கீங்க, வாங்கடி!"

பக்கத்து வீட்டு சவுரியம்மாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். கோவிந்தமும் சிரித்தாள். எனக்குத்தான் கண் கலங்கியது. என் குஞ்சு என்கிறாள்.

டிசம்பர் 22

குஞ்சுகள் தையலின் உள்ளங்கையில் ஏறி நொய் தின்கின்றன. நானும் சும்மா இல்லை. மல்லாட்டைக் கடலையை இடித்து, கேப்பைக் களியில் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்துத் தினமும் கூண்டோரம் வைக்கிறேன். "தாய்மாமன் சீர் வந்துடுச்சி" என்று கோவிந்தம் கேலி செய்கிறாள்.

இன்று மத்தியானம் தையல் எனக்குச் சோறு போட்டாள். யாரும் சொல்லாமலே. மறுசோறும் போட்டாள். நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அந்தக் கை நின்றுவிடுமோ என்று பயம்.

டிசம்பர் 29

பொறி வைத்ததில் வடை போனதுதான் மிச்சம். பூனை வளர்க்கவும் வழியில்லை, குஞ்சுக்கு அதுவே எமன். இன்னொரு குஞ்சுக்குக் காலில் கடி. மஞ்சள் பற்றுப் போட்டுத் தையல் மடியிலேயே வைத்திருக்கிறாள். இந்தக் குஞ்சுகளுக்கு ஒன்று ஆகிவிட்டால் இவள் தாங்கமாட்டாள்.

1958 ஜனவரி 4

திண்டிவனம் சந்தையில் எலி மருந்து வாங்கினேன். விற்றவன் பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டுக் காதோடு சொன்னான்: "வீட்ல யார்கிட்டயும் வாயத் தொறக்காதீங்க சார். அது ஒட்டுக் கேட்டுக்கினு இருக்கும். அப்பறம் தொடாது." எனக்குத் தெரியாததா? எங்கள் அம்மாவும் எலிக்கு எதையாவது வைத்தால் ஜாடைதான் காட்டுவாள், பேச்சே இருக்காது.

மருந்தும் கறுப்பு, களியும் கறுப்பு. எலிக்கும் மல்லாட்டை பிடிக்கும் என்று அதையும் சேர்த்து உருட்டினேன். கோழி அடைந்தபிறகு, கூண்டுக்குப் பின்னால் உடைந்த ஓட்டில் வைத்தேன். பொட்டலக் காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். காலையில் கூண்டு திறப்பதற்குள் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஜனவரி 5

விடிகிற நேரம் போர்ட்டர் வந்து கதவைத் தட்டினார். கவுண்ட்டருக்கு ஆள் வரவில்லையாம். "ஜல்தி வாங்க சார், பாசஞ்சர் வந்துடும்." சட்டையை மாட்டிக்கொண்டே கோவிந்தத்திடம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் எலி தொடாதே, இத்தனை பாடும் வீணாகுமே என்று மூடிக்கொண்டேன். தையல் தண்ணீர் இறைத்து முடித்துத்தான் கூண்டைத் திறப்பாள், அதற்குள் வந்துவிடலாம். இப்படி நினைத்தேன். படித்தவன் நினைக்கிற நினைப்பா இது?

திரும்பி வந்தபோது கொல்லையில் சத்தமே இல்லை. தையல் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கோழி, சுற்றிலும் குஞ்சுகள். ஒன்றுகூட அசையவில்லை.

"நீ வெச்ச உருண்டைதானேன்னு உதுத்துப் போட்டேண்ணா. என் கையாலதான் போட்டேன்."

"மருந்து தையலு அது! எலிக்கு நான் வெச்ச மருந்து! நான்தான் கொன்னேன், நீ இல்ல!" என்று கத்தினேன்.

நிமிர்ந்து பார்த்தாள். விக்கிரவாண்டிக் கதை சொன்ன அன்று பார்த்த அதே பார்வை.

"எனக்காவப் பொய் சொல்லாதண்ணா."

ஜனவரி 6

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, ஆமாம்னு சாட்சியாவது சொல்லியிருப்பேனே" என்று கோவிந்தம் அழுகிறாள். இப்போது அவள் ஆமாம் என்றாலும், நான் சொல்லிக்கொடுத்தது என்றுதான் தையல் நினைக்கிறாள். காட்டுவதற்கு ஒரு எலியாவது செத்திருக்கக் கூடாதா? ஒன்றுகூடச் சாகவில்லை.

ஜனவரி 11

திண்டிவனம் போய் அதே மருந்தை வாங்கி வந்து தையல் முன்னால் வைத்தேன். தொடாமல் பார்த்தாள். "இது இப்ப வாங்கினதுண்ணா" என்றாள். அதுவும் உண்மைதானே.

ஜனவரி 12

பரிமாறுவது கோவிந்தம்தான்.

1959 மார்ச் 2

எங்களுக்குப் பெண் பிறந்திருக்கிறாள். தாயும் சேயும் நலம். தையல் வாசற்படியிலேயே நின்று பார்த்தாள். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "தூங்கட்டும்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குழந்தை முழித்துக்கொண்டுதான் இருந்தது.

செப்டம்பர் 17

கோவிந்தத்துக்குக் கடும் ஜுரம். வீட்டுக்கு வரும்போதே தெருவில் குழந்தையின் அலறல் கேட்டது. உள்ளே தாய் நினைவில்லாமல் படுத்திருக்கிறாள். காய்ச்சின பால் ஆறி ஏடு கட்டியிருக்கிறது, பக்கத்தில் பால் புகட்டும் பாலாடை. தையல் தரையில் உட்கார்ந்து, தூளியைக் காலால் ஆட்டிக்கொண்டிருக்கிறாள். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். வேலிப் பக்கம் பார்த்து, "சவுரியம்மாக்கா, சவுரியம்மாக்கா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

குழந்தையை மடியில் போட்டு நானே புகட்டினேன். அதற்குள் தையல் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"குடிச்சிட்டாளாண்ணா?"

"குடிச்சிட்டாம்மா."

பிறகு, "நெசமாவா?" என்றாள்.

பாலாடையை எடுத்துக்கொண்டு போய், அவள் முன்னால் கவிழ்த்துக் காட்டினேன்.