சிம்பெதெரே என்றால் சார் இல்லை

மாமா,

இன்று நம் வளைகுடா ஊர் ரூவியின் சூப்பர் மார்க்கெட்டில் கிரேக்கத் தயிர் டப்பாவைப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன். "நம்ம தயிரை வேட்டியில வடிச்சா இதான்மா. டப்பாவுல போட்டதும் விலை மட்டும் கிரேக்கம்" என்பீர்கள். "என்னடி இளிப்பு?" என்று கேட்ட அம்மாவிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

உங்கள் மகனுக்கும் என் அக்காவுக்கும் கல்யாணமான பிறகும் அப்பா உங்களை "சார்" என்றுதான் கூப்பிட்டார். ஆபீஸில் நீங்கள் அவருடைய மேனேஜர்; பழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டின்போது நீங்கள் ரசம் கேட்க, அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"நான் என்ன ரிப்போர்ட்டா கேட்டேன்? ரசம்தானே! உக்காருங்க சம்பந்தி."

"ஓகே சார்."

எல்லோரும் சிரித்தோம். உங்களைத் தவிர. கை கழுவும்போது என்னிடம், "கல்யாணம் முடிஞ்சும் உங்கப்பாவுக்கு டியூட்டி முடியலையே. நான் எப்பம்மா சொந்தக்காரன் ஆகிறது?" என்றீர்கள்.

விடுவேனா? என் வகுப்பில் படிக்கும் கிரேக்கப் பையன் நிக்கோஸிடம், சம்பந்திக்கு அவர்கள் ஊரில் என்ன சொல் என்று கேட்டேன். 'சிம்பெதெரோஸ்', கூப்பிடும்போது 'சிம்பெதெரே'. தோண்டினேன். 'சிம்' என்றால் சேர்ந்து. 'பெந்தெரோஸ்' பழைய கிரேக்கத்தில் மாமனார். கட்டுவது என்னும் வேரில் பிறந்த சொல்லாம். நம் சம்பந்தியில் இருக்கும் 'பந்த'மும் அதே வேர்தான். சிம் வேறு, கனெக்‌ஷன் ஒன்று!

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பாவைத் தனியாகப் பிடித்தேன். "கிரேக்கத்துல பெரிய மனுஷங்களை சிம்பெதெரேன்னுதான்பா கூப்பிடுவாங்க. சாரை விட மரியாதை ஜாஸ்தி."

நீங்கள் வாசலில் நின்றதும் அப்பா கைகூப்பினார். "வாங்க சிம்பெதெரே!"

சிம்பெதெரே என்றால் சம்பந்தி என்று நான் போட்டு உடைத்தேன். அப்பா என்னை முறைப்பதற்குள், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டீர்கள்.

"கலாஸ், முடிஞ்சது! சொன்னது சொன்னதுதான். இனி வாபஸ் கிடையாது!"

"சரிங்க சா..." அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். "சரிங்க சம்பந்தி."

அன்று நீங்கள் மூன்று தடவை ரசம் கேட்டீர்கள். அப்பா உட்கார்ந்தபடியே ஊற்றினார்.

உங்கள் காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா, "எங்க சம்பந்தி, எங்க சம்பந்தி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு முறைகூட சார் வரவில்லை. அப்போது ஆபீஸ்காரர் ஒருவர் என் பக்கம் திரும்பி, "அவர் உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.

அக்காவின் மாமனார் என்று சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"எனக்கு அவரே வேணும் அங்கிள்" என்றேன்.

யார் கேட்டாலும் இன்றும் அதுதான் பதில், மாமா.