பெயர்களை மட்டும் எடுக்காதீர்கள்

இன்று மத்தியானம், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் இருந்து நீ வந்தாய்.

பெட்டி கை அளவுதான். காது மந்தமானவர்கள் டெலிபோனோடு பொருத்திக்கொள்வது. இரைச்சலைக் குறைத்துக் குரலை மட்டும் கேட்க வைக்கும். பன்னிரண்டாம் அறையில் இருக்கும் வயதான பெண்மணிக்கு அவருடைய மகன் அனுப்பியிருந்தான். பொருத்தித் தரச் சொன்னார், பொருத்தினேன். கூட வந்த மெல்லிய கடதாசியைக் குப்பையில் போடப் போனபோது, கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் அந்த ஆங்கில உரிமப் பந்தி இருந்தது. நமக்கு மனப்பாடமான பந்தி. அதற்கு மேலே இரண்டு பெயர்கள். முதலில் நீ, டென்மார்க் பதிவில் உள்ளபடியே அப்பாவின் பெயரைப் பின்னால் இழுத்துக்கொண்டு. அடுத்தது நான்.

ஏன் அழுகிறாய் என்று அந்தப் பெண்மணி டெனிஷில் கேட்டார். தூசி என்றேன். அந்த இல்லத்தில் தூசி இருக்க விட்டால் என் வேலை போய்விடும் என்பது அவருக்கும் தெரியும்.

கணினி படித்தவள் ஏன் இங்கே நிற்கிறாய் என்று நீ கேட்பாய். விண்ணப்பத்தில் என் பெயரைக் கண்டதும் அவர்களிடம் இருந்த வேலைகள் எல்லாம் நிரம்பிவிடுகின்றன, அவ்வளவுதான்.

விபோர்க் நகரில் நம் கணினி வகுப்பில் தமிழர் நாம் இருவர் மட்டுமே. நான் இங்கேயே, அல்பர்ட்ஸ்லுண்டில் வளர்ந்தவள், டெனிஷிலேயே சண்டை பிடிக்கத் தெரிந்தவள். நீ இருபது வயதில் ஸ்கீவ ஊருக்குச் சித்தப்பா வீட்டை நம்பி வந்தவள். உன் அம்மாவும் தங்கச்சியும் வன்னியில். போர் அவர்களைக் கடற்கரைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போன மாதங்கள் அவை. நீ டெலிபோனை மேசையில் வைத்துவிட்டு முன்னால் இருந்து பாடம் படிப்பாய். ஆசிரியர் ஒருமுறை அதை அணைக்கச் சொன்னார். நீ புத்தகத்தை மூடிவிட்டு டெலிபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனாய்.

சித்திரையில் ஒரு நாள் உன் அம்மா கோல் எடுத்தார். யாரோ ஒருவரின் சற்றலைட் போன், பின்னால் நிறையப் பேர் வரிசையில். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்தது போல நீயும் அழைப்பைப் பதிவு செய்து வைத்திருந்தாய். பஸ் தரிப்பிடத்தில் எனக்குப் போட்டுக் காட்டினாய். காற்று, வெடிச்சத்தம், யாருடையவோ குழந்தையின் அழுகை. அம்மாவின் குரல் நடுவில் மூழ்கி மூழ்கி எழும்பியது. "தங்கச்சி" என்று ஒரு சொல் கேட்டது. அதற்குப் பிறகு வெறும் இரைச்சல்.

"தங்கச்சி இருக்கிறாளோ இல்லையோ எண்டு அதுக்குள்ளதான் இருக்கு," என்றாய். "எனக்கு அந்த வசனம் வேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

அப்படித்தான் தொடங்கினோம். இரைச்சல் எது என்று கணினிக்கு ஒரு மாதிரியைக் காட்டிவிட்டால், முழுப் பதிவிலிருந்தும் அதைக் கழித்துவிடலாம். புத்தகம் சொன்ன முறை சுலபமானது: அழைப்பின் தொடக்கத்தில் யாரும் பேச மாட்டார்கள், அந்தத் துண்டை மாதிரியாக எடு. எடுத்தோம். ஓட விட்டோம். வெடிச்சத்தம் கண்ணாடி போலத் தெளிவாகக் கேட்டது. உன் அம்மாவைக் காணவில்லை.

நான் நிரலில் பிழை தேடினேன். நீ பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டாய். பிறகு சிரிக்கத் தொடங்கினாய்.

"எடி, இந்தப் புத்தகத்தை எழுதினவனுக்கு வன்னியில இருந்து ஒரு கோல் வந்திருக்காது," என்றாய். "எங்கட ஆக்கள் எடுத்த உடனையே ஹலோ ஹலோ எண்டு கத்துவினம். பின்னால லைனில ஆக்கள் நிக்குது. முன்னால எங்க மௌனம் இருக்கு? அம்மாவின்ர சத்தத்தைத்தான் இது இரைச்சல் எண்டு பழகியிருக்கு."

"அப்ப மாதிரிக்கு எங்க போறது?"

"கடைசிக்கு. கதைச்சு முடிஞ்ச பிறகு ஆர் முதல்ல வைக்கிறா? ஒருத்தரும் வைக்கமாட்டினம். 'சரி பிள்ளை, வைக்கிறன்' எண்டு போட்டு அம்மா சும்மா நிப்பா. நானும் நிப்பன். அந்த இடத்தை எடு."

பதிவின் வாலில் அந்த இடம் இருந்தது. இருவரும் பேசாமல், இருவரும் வைக்காமல். நிரல் அதைப் பழகிக்கொண்டது. மறுபடி ஓட விட்டபோது உன் அம்மா, கொஞ்சம் தகரத்துக்குள் இருந்து பேசுவது போல, சொன்னார்:

"தங்கச்சி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறாள்."

நீ எழும்பிப் போய்க் கன்ரீனில் இரண்டு கோப்பி வாங்கி வந்தாய். ஒரு சொட்டும் குடிக்காமல் ஆற விட்டாய்.

செய்தி பரவியது. ஸ்கீவவில் பெந்தெகொஸ்தே சபைப் பாஸ்டர் தன் டெலிபோனோடு வந்தார். அவரோடு வருடக்கணக்காகக் கதைக்காத கோயில் ஐயாவும் வந்தார். உன் சித்தப்பா வீட்டுச் சோபாவில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து தங்கள் தங்கள் பதிவுக்காகக் காத்திருந்தார்கள். நம் இருவரால் எத்தனை பேருக்குச் செய்ய முடியும்? யாரும் தங்கள் மென்பொருளுக்குள் எடுத்துப் பொருத்திக்கொள்ளும் சிறு நிரல்துண்டாக, தொழிலில் லைப்ரரி என்பார்களே, அப்படி ஆக்கி இணையத்தில் போடலாம் என்றாய். போடுவதென்றால் உரிமம் வேண்டும். யார் எடுக்கலாம், எடுத்தவர் என்ன செய்யலாம் என்று சொல்லும் கடதாசி.

அந்தக் கிழமைதான் போர் முடிந்தது. வகுப்பில் ஒருத்தன் நம் மேசைக்கு வந்து, சமாதானம் வந்துவிட்டதாமே, வாழ்த்துகள் என்றான். நல்ல பெடியன்தான். நான் அவனைத் தின்றுவிடுவது போலப் பார்த்தேன். நீ அவனுக்கு நன்றி சொன்னாய். அவன் போன பிறகு டெலிபோனை எடுத்து அழைப்பு வந்ததா என்று பார்த்தாய். அம்மாவையும் தங்கச்சியையும் பற்றி அதுவரை வேறு சேதி இல்லை.

நான் வீட்டுக்குப் போய் உரிமம் எழுதினேன். எந்த இராணுவமும் எடுக்கக்கூடாது. பொலிஸ், உளவுத்துறை, சிறை, எல்லைக் காவல், அகதிகளைத் திருப்பி அனுப்பும் அலுவலகம், ஒருவரும் தொடக்கூடாது. பிறர் கதைப்பதை ஒட்டுக்கேட்கிறவன் கையில் நாம் செய்தது போய்ச் சேரக்கூடாது. நீ வாசித்தாய்.

"இதில சூப்பர்மார்க்கெட்டும் இருக்கு?"

"நான் அங்க வேலை செய்த லீவுக்காசை அவங்கள் இன்னும் தரேல்லை."

"என்ர சித்தப்பாவையும் போட்டிருக்கலாம். அவர் கதவுக்குப் பின்னால நிண்டு கேக்கிறவர்."

சிரித்தோம். பிறகு நீ கடதாசியை மடித்து வைத்தாய். நம் ஆசிரியரிடம் கேட்டாயாம். இன்னார் எடுக்கக்கூடாது என்று எழுதினால் அது எல்லாருக்கும் பொதுவான திறந்த மூலமே இல்லை, இணையத்தில் நிரல் வைக்கும் பொதுக் களஞ்சியங்கள் ஏற்காது என்றாராம். அவர் சொன்னதற்காக நான் விடுவேனா. சரி, எடுத்துத் திருத்துகிறவன் திருத்தியதையும் எல்லாருக்கும் திறந்து காட்ட வேண்டும் என்றாவது போடுவோம் என்றேன்.

"அதுக்குப் பயந்து டெலிபோன் பெட்டி செய்யிறவன் எடுக்காமல் விட்டா ஆருக்கு நட்டம்? சின்ன லைசன்ஸ் போதும். ஆரும் எடுக்கலாம், ஆரும் விக்கலாம். எங்கட பேரை மட்டும் அதில இருந்து எடுக்கக்கூடாது."

"ஆமி எடுப்பான்."

நீ என்னைப் பார்த்தாய். கோபமாகக்கூட இல்லை.

"ஆமி எல்லாத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான், எடி. அவனிட்ட பெரிய மெசின் இருக்கு. கேக்காமல் இருக்கிறது நாங்கள் மட்டும்தான். எங்களைக் கேக்க விடு."

அந்தச் சின்ன உரிமத்தைப் போட்டோம். இன்றைக்கும் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் அறைப் பெட்டியில் உன் பெயர் இருக்கிறது. கொழும்பில் ஏதாவது ஓர் அறையிலும் உன் நிரல் ஓடிக்கொண்டிருக்கலாம். ஒட்டுக்கேட்கிறவர்கள் கடதாசி அச்சடித்துப் பெட்டியோடு வைப்பதில்லை.

உயிர் தப்பிய அம்மாவும் தங்கச்சியும், ஆமி அடைத்து வைத்த முகாமில் இருந்து வெளியே வந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது உன் இரத்தத்தில் நோய் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அவர்களுக்கு விசா விண்ணப்பம் நிரப்பினாய். போர் முடிந்த நாட்டிலிருந்து வருகிறவர் திரும்பிப் போவார் என்பதற்கு ஆதாரம் போதாது என்று பதில் வந்தது. நான் யன்னலைக் குத்தினேன். "யன்னல் என்ன செய்தது?" என்றாய்.

உன் செத்தவீட்டை அம்மா டெலிபோனில்தான் கேட்டார். டெலிபோன் என் கையில் இருந்தது. தேவாரம் முடிந்தது, ஆட்கள் கலைந்தார்கள், வெளியே மழை பெய்தது. "சரி பிள்ளை, வைக்கிறன்," என்றார். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

இன்று வேலை முடிந்து வந்ததும் அந்த உரிமக் கோப்பைத் திறந்தேன். லைப்ரரியை இப்போது பார்த்துக்கொள்வது நான் மட்டுமே. அடுத்த பதிப்புக்கு என் பழைய தடைப்பட்டியலைச் சேர்த்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அதை நான் இன்னும் வைத்திருக்கிறேன், இப்போது அது இன்னும் நீளம். அதைப் பிரதி எடுத்து உன் பெயருக்குக் கீழே ஒட்டினேன். வாசித்துப் பார்த்தேன். நீ சொல்லாத ஒன்றுக்குக் கீழே நீ கையொப்பம் வைத்தது போல இருந்தது. அழித்தேன்.

என் கோபத்துக்கு நான் வேறு லைப்ரரி எழுதுவேன். அதில் என் பெயர் மட்டும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அம்மாவுக்குக் கோல் எடுக்கிறேன். இப்போது லைன் தெளிவு, கழிக்க ஒன்றும் இல்லை. தங்கச்சி படிக்கிறாளாம், கோழி முட்டை விலையாம், எனக்கு எப்போது கலியாணமாம். கடைசியில் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் சும்மா நிற்பார். நானும் நிற்பேன். அந்த இடத்தில் நாம் மூன்று பேர்.