படத்தில் விழாத மயிரிழை

நிலா, தென்முனை நிலையம். ஏப்ரல் 9, காலை 7:10

எழுதுவது ஞானதிரவியம், பராமரிப்பு. நிலையத்தில் ஆள் நான் ஒருவன்தான். அழுத்தம் சரி. மின்சாரம் சரி. மானம்தான் சரியில்லை. விண்வண்டி வந்து பொருந்தும் இணைப்புக் குழாயில் கொடி கட்டி, இடுப்பில் கட்டும் என் கட்டம் போட்ட சாரத்தைக் காயப்போட்டிருந்தேன். அங்கே கேமரா இருப்பதை மறந்துபோனேன். சென்னைத் தலைமையகத்தில், முதலீட்டாளர்கள் கூட்டத்தில், பெரிய திரையில் ஓடியிருக்கிறது என் சாரம்.

கேமரா எடுப்பது வெறும் போட்டோ. அவற்றைக் கோத்து, மெல்ல நகர்த்தி வீடியோ ஆக்குவது இயந்திரம். நகரும்போது மெல்லிய கோடுகள் துடிக்கும். என் கட்டங்கள் எறும்புச் சாரி போல நெளிந்தனவாம்.

ஏப்ரல் 9, பகல் 1:30

கண்காணிப்பு அதிகாரி வித்யாசாகர், தலைமையகத்திலிருந்து:

"சார், இனிமே ஃப்ளிக்கர் வராது. அங்கிருந்து கிளம்புற எல்லாப் படத்துக்கும் ஃபில்டர் போட்டாச்சு. துணியை மட்டும் எடுத்திருங்க, ப்ளீஸ்."

எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 11, காலை 6:45

இணைப்புக் குழாயின் வளையத்தில் குறுக்காக ஒரு விரிசல். மயிரிழை. இன்னும் ஊடுருவவில்லை, அதனால் அழுத்தமானி ஒன்றும் காட்டாது. வண்டி வந்து முட்டினால் பிளந்துவிடும். நாளை வண்டி வருகிறது. உள்ளே பன்னிரண்டு தொழிலாளர்கள், முத்திரை வைத்த சரக்குப் பெட்டிகள். ஓட்டுவது என் மகள் ஜெனிட்டா. படம் எடுத்து அனுப்பிவிட்டேன்.

காலை 9:20

"பார்த்தோம் சார். வளையம் பளிச்சுனு இருக்கு. விரிசல் எங்க?"

பகல் 12:05

கண்டுபிடித்துவிட்டேன். பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவனுக்கு அரை நாள் ஆனது. துடிப்பு போக வேண்டுமென்று ஃபில்டர் ஒவ்வொரு படத்தையும் மேலும் கீழுமாக லேசாகத் தேய்த்துவிடுகிறது. தடித்த கோடு தப்பிக்கும். மயிரிழை கரைந்துவிடும். தலைவலிக்குத் தலையையே எடுத்திருக்கிறார்கள். அதை நிறுத்தும் கடவுச்சொல் அவர்களிடம். நிறுத்தச் சொல்லிக் கேட்டேன்.

"அதுக்கு மேலிடத்து அனுமதி வேணும் சார். திங்கட்கிழமை கேக்குறேன்."

"வண்டி நாளைக்கு வருது தம்பி."

"வீடியோ க்ளீனா இருக்கே சார். வண்டியை எதை வச்சு நிறுத்துறது?"

இரும்பு இங்கே இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்தவன் நான். ஆனால் சாட்சி அந்த வீடியோவாம்.

மாலை 4:40

தடித்த கோடு தப்பிக்கும் அல்லவா? கதவுக் கீலுக்குப் போடும் கறுப்புக் கிரீஸை எடுத்து, விரிசல் மேலேயே கட்டைவிரல் அகலத்துக்குத் தீற்றினேன். அனுப்பினேன். இப்போது தெரியும். குருடனுக்கும் தெரியும்.

மாலை 5:25

"சார், இது கையால போட்ட கோடு மாதிரி இருக்கு. தனியா இருந்தா மனசு ஒரு மாதிரி ஆகும், புரியுது. டாக்டர்கிட்ட பேசுறீங்களா?"

எழுதக் கூடாத வார்த்தைகள் நாலைந்து எழுதி அடித்துவிட்டேன். அதையும் ஏதாவது ஃபில்டர் கரைக்கட்டும்.

ஏப்ரல் 12, காலை 8:50

வண்டி அடிவானத்துக்கு மேலே வந்தது. ஜெனிட்டாவிடம் நேராகப் பேசினேன்.

"யப்பா, கோடு நீங்க போட்டதுன்னு சொல்லுதாங்களே?"

"ஆமா, நான்தான் போட்டேன். விரிசல் மேலயே போட்டேன். அந்தப் பயலுவ கண்ணுக்குத் தெரியணும்லா."

"சாரத்தக் காட்டிச் சிரிக்க வச்சது காணாதாக்கும்."

"ஏட்டி, விளையாடாத. வடமுனை நிலையத்துக்குத் திருப்பு."

"உத்தரவில்லாம திருப்புனா லைசென்ஸப் புடுங்கிருவாங்கப்பா."

"புடுங்கட்டும். உயிரோட இருந்தா வேற வேலை பாத்துக்கலாம்."

இடையில் வித்யாசாகர் குறுக்கே வந்து, "திருப்பாதீங்க மேடம், அவர் நிலைமை சரியில்லை" என்றார்.

"சார், நீங்க வீடியோ பாக்கீங்க. எங்கப்பா வளையத்தப் பாக்காரு. நான் திருப்புதேன்," என்றாள். பிறகு என்னிடம், "அங்க உங்களுக்கு எல்லாம் இருக்குல்லா?"

"எல்லாம் இருக்கு. நீ போ."

காலை 9:15

வண்டியின் வெளிச்சம் மலைமுகட்டைத் தாண்டி மறைந்துவிட்டது. பதிமூன்று பேரும் பத்திரம். வித்யாசாகர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். எடுக்கவில்லை. எடுத்தால் கத்துவேன், கத்தினால் மூச்சு வீணாகும்.

ஜெனிட்டாவிடம் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அவள் திருப்பிக்கொண்டுபோகிற அந்த முத்திரை வைத்த பெட்டிகளில்தான் எனக்கு வரவேண்டிய காற்று இருக்கிறது.