கேட்ட கல் வேறு, எடுத்த கல் வேறு

தார்மா, பெரு

எலுதேரியா,

ஒரு கல்லுக்கு மலையிடம் அனுமதி கேட்டுவிட்டு, வேறொரு கல்லை அறுத்து எடுத்துவிட்டார்கள். கேட்டவன் நான். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

பழைய காலத்து மழையைக் கல்லில் படிக்கிற இந்த ஆராய்ச்சிக்காரர்களுக்கு வழிகாட்டத்தானே வந்தேன்? குகை வாசலில் மலைக்குக் காணிக்கையாக மூன்று கொக்கா இலை வைத்து, உடைந்து கிடந்த கல்லைத்தான் கேட்டேன். இவர்களுக்குத் தலைவியான டாக்டர் மாரிசோல் உள்ளே போய், நீர் சொட்டி வளர்ந்துகொண்டிருந்த கல்லை அறுத்தாள்.

"கீழ கெடக்குறது எப்ப வளர்றத நிறுத்துச்சுன்னு தெரியாது தாத்தா. போன வருஷ மழையிலேர்ந்து பின்னால எண்ணணும்னா வளர்ற கல்லுதான் வேணும். மலை கோவிச்சுக்கிட்டா என்கிட்ட அனுப்புங்க."

"அனுப்புறேன் தாயி. அது வந்தா உன் வீட்டுக் கதவு தாங்காது."

எல்லாரும் சிரித்தார்கள். நாளை இதே ஆராய்ச்சிக்காக இங்குள்ள ஏரியின் அடிச்சேற்றை எடுக்க நான் படகு ஓட்ட வேண்டுமாம். மாட்டேன். வேலை போனால் போகட்டும். இவ்வளவு நேரம் ஏரிக்கரையிலேயே நடந்துகொண்டிருந்தேன்.

நான் படகைத் தொட வேண்டுமென்றால், முதலில் மாரிசோல் குகைக்குத் திரும்பிப் போய், எடுத்தது எந்தக் கல் என்று தன் வாயால் மலையிடம் சொல்ல வேண்டும். அவளுடைய ஆட்கள் உடைந்த கல்லை அந்தச் சொட்டின் கீழே நிறுத்த வேண்டும், இனி அது வளரட்டும். நீ கொஞ்சம் சோளம் வறுத்து அனுப்பு. இங்கே விற்பதை வாயில் வைக்க முடியவில்லை. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லாரிக்காரன் அவசரப்படுத்துகிறான். நம் ஊர் மலைக்கு என் பெயரில் நீயே இலை வை, எனக்காக அது பேசட்டும். இந்த மலை இனி என் பேச்சை நம்பாது.

மெலித்தோன்