கதவுத் தகட்டில் கொப்புளம்

உல்சான்
28 அக்டோபர் 1993

போராம் அப்பாவுக்கு,

நானும் போராமும் நலம். அவளுக்குச் சளி விட்டுவிட்டது. நீங்கள் கேட்ட கம்பளிச் சட்டையை அனுப்பியிருக்கிறேன். காலுறைகளையாவது நீங்களே துவைத்துக்கொள்ளக் கூடாதா? மூட்டை கட்டி அனுப்புகிறீர்களே!

ஒரு செய்தி. அடுத்தவர் சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாது என்று எழுதுகிறேன். எங்கள் தொழிற்சாலைக்கு வந்த கார் கதவுத் தகடுகளில் கொப்புளம். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் தட்டுப்படும். குத்திப் பார்த்தால் உள்ளே வெறும் காற்று. தகடு சுற்றி வந்த சுருளின் சீட்டைப் பார்த்தேன். குவாங்யாங் ஆலை, உங்கள் வார்ப்பு எந்திரம், உங்கள் ஷிப்ட். சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிவிட்டேன். "புருஷன் வார்த்த இரும்புக்கே சிவப்பாடி?" என்றாள் பக்கத்து மேசை ஓக்சுன் அக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோபப்படாமல் பதில் போடுங்கள்.

உங்கள்
கும்ஹி


குவாங்யாங்
3 நவம்பர்

கும்ஹிக்கு,

சட்டை வந்தது. உன் சிவப்புச் சீட்டும் வந்து சேர்ந்தது.

உருகிய எஃகு அச்சுக்குள் இறங்கும் குழாய் அடைத்துக்கொள்ளாமலிருக்க அதில் ஆர்கான் வாயு ஊதுகிறோம். கூடிப்போனால் குமிழிகள் மேலே வந்து வெளியேற நேரமில்லாமல், உறைகிற எஃகின் தோலிலேயே சிக்கிவிடும். அந்த வால்வு என் பொறுப்பு. சொன்ன அளவைத் தாண்டி நான் திருகியதே இல்லை. போர்மேன் காங் நம்பவில்லை. "குழாய் அடைச்சுக்கும்னு பயந்து கூட்டி விட்டிருக்கே. ஒத்துக்கிட்டா குறைஞ்சா போயிடுவே?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். என்னை வார்ப்பு மேடையிலிருந்து இறக்கி, கசடு அள்ளப் போட்டிருக்கிறார்கள். மாதக் கடைசியில் விசாரணை. வேலை போனாலும் போகலாம்.

சாப்பாட்டுக்கூடத்தில், "பொண்டாட்டிகிட்டயே மாட்டினான்டா!" என்று ஒரே கேலி. ஒட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் செய்திருக்கக் கூடாதா?

இந்த ஞாயிறு வரமாட்டேன்.

இன்சிக்


உல்சான்
8 நவம்பர்

போராம் அப்பாவுக்கு,

நேற்று முழுக்க வாசலில் சத்தம் கேட்டபோதெல்லாம் போராம் ஓடிப் போய்ப் பார்த்தாள். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஒட்டாதே என்றா? நான் சந்தேகப்பட்டது தகட்டை. உங்களை அல்ல.

அதனால்தான் அதோடு விடவில்லை. உங்கள் எந்திரத்திலிருந்து வந்த சுருள்களையெல்லாம் நானே இறக்கச் சொல்லித் தடவிப் பார்த்தேன். மற்ற ஷிப்டுகளின் தகட்டிலும் அதே கொப்புளம். எல்லாவற்றுக்கும் சிவப்புதான். ஆனால் சூசொக் பண்டிகைக்கு முன்னால் வார்த்தது ஒன்றிலும் பழுதில்லை, கண்ணாடி மாதிரி இருக்கிறது. பண்டிகைக்கு நீங்கள் இங்கே வந்திருந்தபோது எந்திரத்தை நிறுத்திப் பழுது பார்த்தார்கள் அல்லவா? அப்போது எதைக் கழற்றினார்கள் என்று கேளுங்கள். எங்கள் மேலாளர் மூலம் உங்கள் ஆலைக்கும் இதையே எழுதிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

கும்ஹி


குவாங்யாங்
16 நவம்பர்

என் கும்ஹிக்கு,

கண்டுபிடித்துவிட்டோம்!

பண்டிகைப் பழுதுபார்ப்பில் வாயுக் குழாயின் பழைய இணைப்பைக் கழற்றிப் புதிது மாட்டியிருக்கிறார்கள். யாரும் எங்களிடம் சொல்லவில்லை. கழிவுத் தொட்டியைக் கிளறிப் பழையதை எடுத்து, வாளித் தண்ணீரில் முக்கிக் காற்றை அடித்தோம். சுற்றிலும் குமிழி கொப்பளித்தது. வருஷக்கணக்காக நாங்கள் விட்ட வாயுவில் பாதி, வழியிலேயே கசிந்திருக்கிறது! புது இணைப்பில் கசிவில்லை. வாயு அளவு காட்டும் முள் அதே இடத்தில்தான் நின்றது, எஃகுக்குள் போனது மட்டும் இரட்டிப்பு.

காங் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "இன்சிக், மேல ஏறுடா. உன் இடத்துல நில்லு" என்றார். வாயுவைக் குறைத்து வார்த்தோம். வார்த்தெடுத்த எஃகுப் பலகையின் மேல்தோலைச் சீவிப் பார்த்தால் ஒரு துளை இல்லை. விசாரணையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

உன் கேள்விக்குப் பதில்: ஆமாம், ஒட்டாதே என்றுதான் சொல்லியிருப்பேன். நீயும் என் பேச்சைக் கேட்டு ஒட்டாமல் விட்டிருந்தால் மற்ற சுருள்களை யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். பழி என் தலையிலேயே நின்றிருக்கும்.

நேற்றைய கூட்டத்தில் எங்கள் மேலாளர் உங்கள் தொழிற்சாலை அறிக்கையைப் படித்துவிட்டு, "யாருய்யா இந்த மா கும்ஹி? ஒரு சுருளையும் விடலையே!" என்றார். நான் எழுந்து, "எங்க வீட்டுக்காரிங்க" என்றேன். காங்தான் முதலில் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன் கும்ஹி, கண்ணில் தண்ணீர் வரும்வரை. அறைக்கு வந்து படுத்தவன், விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். போராமைத் தூங்க வைத்துவிடாதே.

உன்
இன்சிக்