பச்சை நூல் சுத்தின வயர்

அன்பு வளர்மதிக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? அம்மா மாத்திரை ஒழுங்கா போடுறாங்களா?

இங்க பாசிர் ரிஸ் பூங்காவுல புல்லு வெட்டுற டிராக்டருக்கு ஹெட்லைட் வயரை மாத்தச் சொன்னாங்க. ரெண்டு நாளா உயிரை வாங்கிடுச்சு. எல்லாமே சிவப்பு வயர், எது எங்க போகுதுன்னே தெரியலை. எந்த மடையன் செஞ்ச வேலைன்னு திட்டிக்கிட்டே டேப்பைப் பிரிச்சேன். ஜாயின்டுல பச்சை நூல் சுத்தியிருந்துச்சு. பட்டன் தைக்க நீ பெட்டியில வச்சுவிட்ட நூல். இந்த நாட்டுக்கு வந்த புதுசுல அந்த வயரை மாட்டி, அடையாளத்துக்கு நூலும் நான்தான் கட்டியிருக்கேன். ஆறு வருஷத்துல மறந்தே போச்சு.

இந்தக் கடிதம் கொண்டு வர்ற பிரேம் லீவு முடிஞ்சு இங்க திரும்புறப்போ அவன்கிட்ட ஒரு நூல்கண்டு குடுத்துவிடு. இங்க தேக்காவுல நம்ம ஊர்க்காரங்க கடையில கிடைக்கும்தான். இருந்தாலும் நீ குடுத்துவிடு.

வேலைக்குக் கூட்டிட்டுப் போற லாரி வந்துடுச்சு.

இப்படிக்கு,
அந்த மடையன்
தனபால்