மூடித்தான் இருந்தது, மாமா

மாமா,

உங்கள் காரின் கூரைக் குழாய்க்குள் விட்ட கம்பியை வெளியே இழுத்ததும் சந்தன வாசனை வந்தது. நீங்கள் பெருமையடித்துக்கொள்ளும் அந்த சன்ரூஃபுக்கு, கூரையில் திறந்து மூடும் கண்ணாடிக்கு, முன் மூலைகளில் தண்ணீர் வடிய மூலைக்கொரு சின்ன ஓட்டை உண்டு. அங்கிருந்து ஒரு ரப்பர் குழாய் கதவோரமாகக் கீழே இறங்கும். இரண்டு ஓட்டையிலும் சந்தனம் கல் மாதிரி இறுகிக் கிடந்தது.

அப்பியது நீங்கள். ஆயுத பூஜை அன்று கடலூர் வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி, கண்ணாடியைத் திறந்து, உள்விளிம்பில் நாலு மூலைக்கும் உருண்டை உருண்டையாக வைப்பீர்கள். "நீ கை வெக்காத. குளிச்சிட்டுதான் வந்தியா?" என்பீர்கள். வருஷா வருஷம். பழையதைத் துடைத்ததே இல்லை.

அக்கா கல்யாணத்துக்குச் சிதம்பரம் போனோமே, அன்றைக்கு ஓட்டியது நீங்கள். பக்கத்து சீட்டில் நான், மடியில் தாய்மாமன் சீர்த் தட்டு. அடித்து ஊற்றிய மழை. புதுச்சத்திரம் பக்கம் ஓர் ஆடு குறுக்கே வர, பிரேக்கை மிதித்தீர்கள். கூரைக்குள் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் உள்விளக்கு வழியாகத் தட்டில் இருந்த புடவைமேல் கொட்டியது. அரக்குக் கரை சாயம் விட்டு மஞ்சள் பட்டு முழுக்கப் பரவிவிட்டது. வரவேற்புக்கு அக்கா கட்ட வேண்டிய புடவை.

மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் தட்டையே பார்த்தார்கள். நீங்கள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இவன்தான் தொறந்து வெச்சிருக்கான். காலேஜயே பாதியில வுட்டவன், கண்ணாடிய மட்டும் முழுசா மூடிடுவானா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் கண்ணாடி திறக்கும் பட்டனைத் தொடக்கூட இல்லை. அக்கா சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாள்.

அவமானத்தில் வாய் தவறிவிட்டது என்று அதை விட்டிருப்பேன். ஆனால் அடுத்த மாதமே கண்ணாடியைச் சுற்றிப் பசை தடவி, திறக்கவே முடியாதபடி ஒட்டினீர்கள். அப்புறமும் ஒழுகியது. திறக்க முடியாத கண்ணாடியே ஒழுகுகிறது என்றால், அன்றைக்கு யாரும் திறந்து வைக்கவில்லை என்று உங்களுக்குத் தெரிந்துபோயிருக்கும். சீட்டில் துண்டைப் போட்டு உட்கார்ந்து ஓட்டினீர்கள். அக்காவுக்கு ஒரு போன் போடவில்லை. அப்படியே செத்தும் போனீர்கள்.

"நாத்தம் தாங்கல, இந்தக் கார எடுத்துட்டுப் போடா" என்று அத்தை சாவியைக் கொடுத்தார். பசையைப் பிளேடால் அறுத்தேன். சந்தனத்தை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டினேன். கோபத்தில் குழாயைக் கிழித்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியை மெதுவாக விட்டேன்.

நேற்று காரைச் சிதம்பரத்துக்கே ஓட்டிப்போனேன். அக்காவின் வீட்டுக்காரர் கெஞ்சிக் கூப்பிட்டபின்தான் அவள் வந்து உள்ளே உட்கார்ந்தாள். கூரைமேல் குடம் குடமாக ஊற்றினேன். தண்ணீர் முன்சக்கரத்துப் பக்கம் ஓடியது. தெருவைச் சுற்றி வந்து பிரேக் அடித்துக் காட்டினேன். ஒரு சொட்டு இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். செத்தவர் என்று எதையும் குறைக்கவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். நீ கேக்கல."

உள்விளக்கைத் தொட்டுப் பார்த்தாள். "அவுரு போய்ட்டாரு. இனிமே என்னாடா பண்றது?"

"நீ சொல்லு."

அடுத்த வாரம் உங்கள் முதல் வருஷத் திதி. மண்டபத்தில் இருந்த அதே சொந்தக்காரர்கள் வருவார்கள். எல்லாரும் இலையில் உட்கார்ந்தபின், கண்ணாடி மூடித்தான் இருந்தது என்று சொல்லப்போவது நான் இல்லை, அக்கா. அவளே சொல்கிறேன் என்றாள். அதற்குமேல் வேண்டாம், அதோடு விட்டுவிடு என்றும் சொன்னாள். நான் சரி என்று சொல்லவில்லை. இன்னும் என்னால் விட முடியவில்லை, மாமா.

உங்கள் படத்தை அத்தை கூடத்தில் மாட்டியிருக்கிறார். அதற்கு நேர் எதிர் இலையில் உட்காரப்போகிறேன்.